கானர்ஸின் 39வது பிறந்தநாள்: எங்கள் குடும்பக் குழுவில் ஓர் இரவு

பெரியப்பா: எல்லோருக்கும் சாப்பாடு ஆயிற்றா? 1991 யு.எஸ். ஓப்பன் டென்னிஸ் நான்காம் சுற்று, ஜிம்மி கானர்ஸ் – ஆரன் கிரிக்ஸ்டைன் ஆட்டத்தை இன்று முழுவதுமாகப் பார்த்து முடித்தேன். 4 மணி 41 நிமிடம். நடுவில் எழுந்திருக்க மனமே வரவில்லை.

அப்பா: அண்ணா, கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டீர்களா?

பெரியப்பா: விட்டுக்கொண்டேன். நீ ஆட்டத்தைக் கேள். அன்று செப்டம்பர் 2, கானர்ஸுக்கு 39வது பிறந்தநாள். எதிரில் நிற்கும் கிரிக்ஸ்டைனுக்கு 24 வயது. கானர்ஸ் முதன்முதலில் இந்தப் பட்டத்தை வென்ற 1974இல் அந்தப் பிள்ளைக்கு ஏழு வயது!

நான்: பெரியப்பா, 39 வயதில் அவருக்கு எப்படி இடம் கிடைத்தது? தரவரிசையில் முன்னால் இருந்தாரா?

பெரியப்பா: எங்கே! தரவரிசையில் 174. வைல்டு கார்டு, அதாவது தரவரிசை பார்க்காமல் தரும் சிறப்பு அனுமதி, கொடுத்துத்தான் உள்ளே விட்டார்கள். 1990இல் மணிக்கட்டு கெட்டு அறுவை சிகிச்சை. அந்த ஆண்டு ஆடியதே மூன்று ஆட்டம், மூன்றிலும் தோல்வி. தரவரிசை 936 வரை இறங்கிவிட்டது. 1991 பிரெஞ்சு ஓப்பனில் 19 வயது மைக்கேல் சாங்கோடு கடைசியான ஐந்தாவது செட் வரை போனார். அதன் முதல் புள்ளியை வென்றுவிட்டு, உடம்பு ஒத்துழைக்காமல் அங்கேயே விலகினார். அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான் நியூயார்க்.

அண்ணன்: அப்பா, முதல் சுற்றே பெரிய கதை அல்லவா? பாட்ரிக் மெக்கன்ரோவிடம் முதல் இரண்டு செட்டையும் இழந்து, மூன்றாவதில் 0-3.

பெரியப்பா: அதிலும் 0-40, இன்னொரு புள்ளி போனால் 0-4. பாதிக் கூட்டம் வீட்டுக்குப் போய்விட்டது. அங்கிருந்து திரும்பி வந்து கானர்ஸ் ஜெயித்து ஆட்டம் முடிந்தபோது இரவு 1.35. எழுந்து போனவர்கள் காலையில் பத்திரிகையைப் பார்த்து எவ்வளவு வருந்தியிருப்பார்கள்!

அப்பா: கிரிக்ஸ்டைன் ஆட்டத்துக்கு வாருங்கள் அண்ணா.

பெரியப்பா: 3-6, 7-6, 1-6, 6-3, 7-6. ஐந்தாவது செட்டில் 2-5 என்று பின்தங்கிவிட்டார். இத்தனைக்கும் கிரிக்ஸ்டைன் சாதாரண ஆள் இல்லை. அதே போட்டியின் முதல் சுற்றில் முன்னணி வீரர் அகாசியை ஒரு செட்டும் விடாமல் நேர் செட்டில் வீழ்த்தியவர். இரண்டு செட் பின்தங்கியிருந்து திரும்பி வந்து ஜெயித்ததைத் தன் வாழ்க்கையில் பத்து முறை செய்தவர். நீண்ட ஆட்டத்தில் கிழவனார் தளர்ந்துவிடுவார் என்று யார் எண்ணினாலும் குற்றமில்லை.

நான்: பிறகு எப்படித் திரும்பினார்?

பெரியப்பா: அதைத்தான் இன்று உற்றுப் பார்த்தேன். பின்கோட்டிலேயே நின்று பந்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் இளையவர்தான் ஜெயிப்பார் என்று கானர்ஸுக்குத் தெரிந்திருக்கிறது. பந்து எழும்பும்போதே தட்டையாக அடித்துவிட்டு வலையை நோக்கி ஓடுகிறார். ஒவ்வொரு புள்ளியும் சுருங்குகிறது. புள்ளி முடிந்ததும் ரசிகர்களைப் பார்த்துக் கையை உயர்த்துகிறார், அந்த ஆரவாரத்தில் மூச்சு வாங்க நேரம் கிடைத்துவிடுகிறது. கூட்டம் அவருக்காகப் பிறந்தநாள் பாட்டே பாடியது. கிரிக்ஸ்டைன் பக்கம் யாருமே இல்லை.

நான்: 6-6 ஆனதும் ஏழு புள்ளிக்கு ஆடும் டைபிரேக் ஐந்தாவது செட்டிலுமா? விம்பிள்டனில் அப்போது கிடையாதே?

பெரியப்பா: சரியாகப் பிடித்தாய். அந்தக் காலத்தில் நான்கு பெரிய போட்டிகளில் யு.எஸ். ஓப்பனில் மட்டும்தான் கடைசி செட்டுக்கும் டைபிரேக். அது தொடங்கும் முன் கானர்ஸ் நாற்காலியில் உட்கார்ந்து காமிராவைப் பார்த்து, இதற்குத்தானே காசு கொடுத்து வந்தார்கள் என்கிற மாதிரி பேசுகிறார். அப்புறம் 7-4 என்று ஜெயித்துவிட்டார்.

அண்ணன்: நடுவரைத் திட்டியதை ஏன் விட்டுவிட்டீர்கள் அப்பா? இரண்டாவது செட் டைபிரேக்கில் நடுவர் ஒரு தீர்ப்பை மாற்றினார் என்பதற்காக எவ்வளவு கேவலமாக ஏசினார்! இன்றைக்கு அப்படிப் பேசினால் அபராதத்தோடு நிற்காது. அந்த ஒலிபரப்பைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்க முடியாது.

பெரியப்பா: நீ சொல்வது நியாயம். அந்தப் பேச்சு எனக்கும் பிடிக்கவில்லை, இன்று அந்த இடத்தில் சத்தத்தைக் குறைத்துவிட்டேன். ஆனால் அந்த 2-5இலிருந்து வந்ததை அது அழித்துவிடாது.

அண்ணன்: அழிக்க வேண்டாம் அப்பா. கிரிக்ஸ்டைனையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்கிறேன். சிறு வயதில் கானர்ஸ் வீட்டுக்கே போய்ப் பயிற்சி ஆடிய பையன் அவர். இந்த ஆட்டத்துக்குப் பிறகு இருபது ஆண்டுக்கு மேல் இருவருக்கும் இடையில் பேச்சே இல்லாத மாதிரி ஆகிவிட்டது. நியூயார்க்கில் மழை பெய்து ஆட்டம் நின்றால், தொலைக்காட்சியில் இந்த ஆட்டத்தைத்தான் திரும்பத் திரும்பப் போடுவார்கள். தோற்ற ஆட்டத்தை ஒவ்வோர் ஆண்டும் ஊரே பார்க்கும். 2016இல் ஆர்தர் ஆஷ் அரங்கத்துக்குக் கூரை வந்த பிறகுதான் அவருக்குக் கொஞ்சம் விடுதலை கிடைத்திருக்கும்.

அப்பா: பாவம்தான்.

அத்தை: இப்போதுதான் பார்த்தேன். எல்லோரும் கானர்ஸைப் பற்றியே பேசுகிறீர்களே, அண்ணா? அதே 1991 யு.எஸ். ஓப்பனில் மார்ட்டினா நவ்ரதிலோவா என்ன செய்தார் என்று ஒருவராவது சொன்னீர்களா?

பெரியப்பா: நீயே சொல் அம்மா.

அத்தை: அவருக்கு 34 வயது, இன்னும் ஒரு மாதத்தில் 35. அந்தக் கோடையில்தான் விம்பிள்டன் காலிறுதியில் 15 வயது காப்ரியாட்டியிடம் தோற்றிருந்தார். நியூயார்க் அரையிறுதியில் எதிரில் ஸ்டெஃபி கிராஃப், 22 வயது, அந்த ஆண்டின் விம்பிள்டன் சாம்பியன். 7-6, 6-7, 6-4 என்று மார்ட்டினா ஜெயித்தார். இறுதி ஆட்டத்தில் 17 வயது மோனிகா செலஸ். முதல் செட்டை டைபிரேக் வரை இழுத்தார், அடுத்தது 6-1 என்று போய்விட்டது. கானர்ஸ் அரையிறுதியில் ஜிம் கூரியரிடம் 6-3, 6-3, 6-2 என்று நேர் செட்டில் தோற்றார். இறுதி வரை போனவர் மார்ட்டினா! மழை வந்தபோது அவர் ஆட்டத்தை யார் போட்டார்கள்?

நான்: அத்தை, எனக்கு இது தெரியவே தெரியாது.

அத்தை: எப்படித் தெரியும் கண்ணு, யாரும் சொன்னால்தானே! அதுவும் அவர் வைல்டு கார்டில் வரவில்லை. முன்னணி ஆட்டக்காரராகவே வந்தார். சர்வ் போட்டுவிட்டு வலைக்கு ஓடும் பழைய பாணியை வைத்துக்கொண்டே கிராஃபின் முன்கை அடிகளைச் சமாளித்தார். எனக்கு அந்த அரையிறுதிதான் பெரியது.

பெரியப்பா: ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஹார்ஹூயிஸோடு கானர்ஸ் ஆடிய காலிறுதியில் ஒரு புள்ளி உண்டு. எதிராளி ஓங்கி அடித்த நான்கு ஸ்மாஷை, பந்தை உயரத் தூக்கிவிடும் லாப் போட்டுப் போட்டுத் திருப்பி, கடைசியில் பேக்ஹேண்டில் கோட்டோரமாக அவரைத் தாண்டி அடித்துவிட்டார். அதை நீ பார்த்துவிட்டுச் சொல்.

அத்தை: பார்க்கிறேன் அண்ணா. முதலில் நீங்கள் மார்ட்டினா – கிராஃப் ஆட்டத்தைத் தேடி எடுங்கள். மூன்றாவது செட் கட்டாயம் முழுதாக இருக்க வேண்டும்.

அண்ணன்: கிடைத்துவிட்டது அத்தை, முழு ஆட்டம். இணைப்பை அனுப்புகிறேன்.

அப்பா: அண்ணா, நாளைக்குப் பாருங்கள். இன்றைக்குக் கண்ணுக்குப் போதும்.

பெரியப்பா: முதல் செட் மட்டும்.