அறுபதாம் நிமிடத்தில் சாட்பாட் பேசுமா, பேசாதா?

நிரலோடி:
பயனர் 60 நிமிடம் பதில் தராவிட்டால் ராசா (Rasa) என்ற மென்பொருளில் கட்டிய சாட்பாட் தானாகவே உரையாடலை முடித்து, ‘நேரம் முடிந்தது’ என்று சொல்லிவிடும் என்று தறி நேற்று எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 60ஆம் நிமிடத்தில் அங்கே ஒன்றுமே நடப்பதில்லை. டொமைன் கோப்பில் (சாட்பாட்டின் அமைப்புகளை எழுதும் கோப்பு) செஷன் எக்ஸ்பிரேஷன் டைம், அதாவது அமர்வு காலாவதியாகும் நேரம், என்று நிமிடக் கணக்கில் கொடுக்கும் எண்ணை, பயனரின் அடுத்த செய்தி வந்த பிறகுதான் நிரல் எடுத்துப் பார்க்கிறது; இடையில் அவ்வளவு நேரம் கடந்திருந்தால் புதிய அமர்வை, அதாவது உரையாடலின் புதிய சுற்றை, தொடங்குகிறது. பயனர் திரும்பி வரவே இல்லையென்றால் அது வாய் திறக்காது.

தறி:
நான் மூன்று ஆண்டுகளாக இதே வேலையைச் செய்கிறேன். எங்கள் சாட்பாட் விடைபெறுவதை என் கண்ணால் பார்க்கிறேன். 60 நிமிடம் முடிந்தால் அமர்வு முடிகிறது; ‘எக்ஸ்பிரேஷன்’ என்ற சொல்லுக்கே அதுதான் பொருள்.

கயல்:
முதலில் ‘பதில் தராவிட்டால்’ என்று எதைச் சொல்கிறீர்கள்? தட்டச்சு செய்துகொண்டிருப்பவரின் தாமதமா, எழுந்து போய்விட்டவரின் மௌனமா? அமேசானின் குரல்வழி உதவியாளர் அலெக்சா சுமார் 8 விநாடி காத்திருந்து, மறுபடி ஒருமுறை கேட்டுவிட்டு மூடிக்கொள்கிறது.

தறி:
குரல்வழிக் கருவியைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை. போன மாதம் ஸ்லாட் (பயனர் தரும் விவரத்தைச் சாட்பாட் நினைவில் வைக்கும் இடம்) பற்றி நான் எழுதியபோதும் நிரலோடி இப்படித்தான் வந்து குறை கண்டார்.

நிரலோடி:
போன மாதமும் நீங்கள் தவறாகத்தான் எழுதியிருந்தீர்கள். நேற்று மாலை அந்த எண்ணை 1 ஆக மாற்றி, சர்வர் லாகை (சர்வரில் நடப்பதெல்லாம் பதிவாகும் கோப்பு) திறந்து வைத்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். ஒரு வரிகூட நகரவில்லை. ‘வணக்கம்’ என்று தட்டிய கணத்தில்தான் புதிய அமர்வு தொடங்கியது. விண்ணப்பத்தின் நான்காம் கேள்வியில் அடையாள எண்ணைத் தேடி எழுந்து போனவர், 70 நிமிடம் கழித்து வந்து அந்த எண்ணை மட்டும் தட்டுகிறார் என்று வையுங்கள். அந்தச் செய்தி வந்ததும் புதிய அமர்வு தொடங்கி, படிவம் அறுந்துபோகும். அது எந்தக் கேள்விக்கான பதில் என்று சாட்பாட்டுக்குத் தெரியாது, நேரம் முடிந்ததை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

வெண்பனி:
எண்ணை 0 ஆக்கிவிட்டால் அமர்வு காலாவதியாகாது. இதற்கு ஏன் இத்தனை சண்டை?

கயல்:
0 வைத்தால் மூன்று வாரம் கழித்து வருபவரிடமும் அதே நான்காம் கேள்விதான் நிற்கும். நேரம் முடியுமுன் எச்சரித்து, நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 விநாடி தர வேண்டும் என்று இணைய அணுகல் வழிகாட்டுதல்களே சொல்கின்றன.

தறி:
என் பயனர்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேருகிறது. அதை யார் அனுப்பினால் என்ன?

நிரலோடி:
யார் அனுப்புகிறார்கள் என்பதுதான் கேள்வியே! உங்கள் அரட்டைப் பெட்டியை எழுதியவர் ஒரு டைமர் வைத்திருப்பார், அல்லது ஆக்‌ஷன் சர்வரில் (சாட்பாட்டுக்காக நாமே எழுதும் நிரல்கள் ஓடும் இடம்) யாரோ ரிமைண்டர் போட்டிருப்பார்கள். அது 30 நிமிடத்தில் ‘முடிந்தது’ என்று சொன்னாலும் உள்ளே அமர்வு உயிரோடுதான் இருக்கும். 40ஆம் நிமிடத்தில் பதில் வந்தால் பழைய படிவமே தொடரும். அந்த டைமரில் என்ன எண் இருக்கிறது என்று திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

தறி:
திறந்து பார்க்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. 60தான்.