பத்து சென்ட் என்கிறது கருவி, தோண்டினால் ஆணி: பூங்காவில் பழைய நாணயம் தேடுகிறேன், உதவுங்கள்

மண்புழு எழுதியது:
வணக்கம். நியூ ஜெர்சியில் ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். எங்கள் ஊர்ப் பூங்காவில் பேண்டு வாத்தியம் வாசிக்கும் பழைய மேடை ஒன்று உண்டு. நூறு வயதுக்குக் குறையாது. அதைச் சுற்றி வெள்ளிக் காசுகள் விழுந்து கிடக்கும் என்ற ஆசையில் மெட்டல் டிடெக்டர் வாங்கினேன். ஊர் அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதியும் வாங்கியாயிற்று.

மூன்று சனிக்கிழமைகளில் கிடைத்தவை: சோடா டின் வளையங்கள் 41, பாட்டில் மூடிகள் 17, பாதி அரித்துப்போன 1998 ஆம் ஆண்டு சென்ட் ஒன்று. ஆணிகளை எண்ணவில்லை. வளையங்களை எடைக்குப் போட்டால் பெட்ரோல் செலவாவது தேறுமா என்று மனைவி கேட்கிறாள்.

என் சிக்கல்கள்: மண்ணில் இருப்பது எந்த உலோகம் என்று காட்டும் கருவியின் அளவுகோல் 0 முதல் 99 வரை. அடிக்கடி 82 காட்டுகிறது, அதாவது பத்து சென்ட் நாணயத்தின் எண். தோண்டினால் குழி காலியாக இருக்கிறது, அல்லது பக்கத்தில் துருப்பிடித்த ஆணி கிடக்கிறது. மேடையை நெருங்கினால் கையை அசைக்காமல் நின்றாலும் கருவி தானாகவே கத்துகிறது. இது போதாதென்று, எங்கே போனாலும், கருவியை இடமும் வலமுமாக வீசும்போது, வீச்சின் வலது கோடியில் ஒரு கீச்சு. வெறும் புல்தரையிலும் வருகிறது. கருவி பழுதா? கடையில் திருப்பிக் கொடுக்க இன்னும் 9 நாட்கள்தான் இருக்கின்றன.

கிழக்குக்கரை எழுதியது:
திருப்பிக் கொடுக்காதீர்கள். கருவி ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது, அது சொல்வதுதான் உங்களுக்கு இன்னும் புரியவில்லை. எனக்கும் முதல் ஆறு மாதம் இதே கதைதான்.

82 விஷயம்: ஒலி வந்த இடத்தை நடுவில் வைத்து நீங்கள் கால்பங்கு வட்டம் சுற்றி வந்து, வேறு திசையிலிருந்து சுருளை (கருவியின் அடியிலுள்ள தட்டை) வீசிப் பாருங்கள். காசு வட்டமானது, எந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும் ஒரே எண்ணைச் சொல்லும். ஆணி நீளமானது. ஒரு திசையில் வீசினால் 82, வேறு திசையில் வீசினால் சத்தமே இருக்காது, அல்லது கரகரப்பு வரும். துருவேறி வளைந்த ஆணி வெள்ளிபோல நடிப்பதில் கெட்டிக்காரன். அதன் பொய் ஒலி ஆணிக்கு நேர் மேலே வராமல் சற்றுத் தள்ளி வரும். உங்கள் குழி காலியாக இருப்பதன் மர்மம் அதுதான். இரும்பை ஒதுக்கும் வடிகட்டியைக் கொஞ்ச நேரம் அணைத்துவிட்டு வீசினால், 82-க்குப் பக்கத்திலேயே தாழ்ந்த உறுமல் கேட்கும். கேட்டால் நகர்ந்துவிடுங்கள்.

மேடையருகே கத்துவது மின்சாரத்தால். விளக்குக் கம்பங்களுக்குத் தரைக்கடியில் கேபிள் போயிருக்கும். உணர்திறனை எந்த அளவில் வைத்திருக்கிறீர்கள்? கைப்பேசி சட்டைப் பையில் இருக்கிறதா?

சும்மா_வந்தவன் எழுதியது:
41 வளையம் சேர்க்கிற நேரத்தில் பகுதி நேர வேலைக்குப் போயிருந்தால் ஒரு பை வெள்ளியே வாங்கியிருக்கலாம்.

மண்புழு எழுதியது:
@சும்மா_வந்தவன் மனைவியும் இதையே சொன்னாள். நீங்கள் அவளுடைய அண்ணன் இல்லையே?

@கிழக்குக்கரை அண்ணா, உணர்திறன் முழு அளவில். கைப்பேசி பையில்தான் இருந்தது, பாட்டுக் கேட்டுக்கொண்டு தேடினேன்.

கிழக்குக்கரை எழுதியது:
முழு அளவில் வைத்தால் ஆழம் கூடும் என்று எல்லோரும் நினைக்கிறோம். இரைச்சல்தான் கூடும். மூன்று படி இறக்குங்கள். கைப்பேசியை வண்டியில் வைத்துவிட்டு, விளக்குகள் அணைந்த பிறகு காலையில் போங்கள். அலைவரிசையை மாற்றும் வசதி இருந்தால் ஒவ்வொன்றாக மாற்றி, எது அமைதியாக இருக்கிறதோ அதில் நில்லுங்கள்.

பழங்காசு_பாட்டி எழுதியது:
தம்பி, அந்த வளையங்களைத் திட்டாதே. ஓஹையோக்காரர் எர்மல் ஃப்ரேஸ் 1960களின் தொடக்கத்தில் கண்டுபிடித்த சமாசாரம் அது. டின்னிலிருந்து பிய்த்துக் கீழே எறிகிற வகை. 1975க்குப் பிறகு டின்னோடு ஒட்டியிருக்கும் மூடி வந்தது, எறிகிற வளையம் மெல்ல மறைந்தது. உனக்குக் கிடைத்தவை பிய்த்தெறிந்த பழைய வகையா என்று பார். அப்படியானால் அந்த இடத்தை அண்மைக் காலத்தில் யாரும் புது மண் கொட்டி நிரப்பவில்லை என்று பொருள். இன்னும் இரண்டு அங்குலம் கீழே போனால் 1964க்கு முந்தைய காசுகளுக்கு வாய்ப்பு உண்டு. அந்த ஆண்டு வரைக்கும் பத்து சென்ட்டிலும் கால் டாலரிலும் 90 சதவீதம் வெள்ளி.

வளையமும் ஐந்து சென்ட்டும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டும். உன் அளவுகோலில் 50ஐ ஒட்டி வரும். அங்கே குறுக்குவழி கிடையாது, தோண்டித்தான் ஆக வேண்டும். சலிப்பாக இருந்தால் 80க்கு மேல் மட்டும் தோண்டு, ஆனால் 1942 முதல் 1945 வரை வந்த போர்க்கால ஐந்து சென்ட்டில் 35 சதவீதம் வெள்ளி இருக்கிறது, அது போய்விடும் என்பதைத் தெரிந்துகொண்டே விடு.

இன்னொன்று. மேடையைச் சுற்றியே ஏன் அலைகிறாய்? நின்று பாட்டுக் கேட்பவர் பையிலிருந்து காசு விழாது. புல்லில் உட்கார்ந்தவர், படுத்தவர் பையிலிருந்துதான் விழும். நிழல் தரும் பழைய மரம் எங்கே இருக்கிறது என்று பார். வேரை மட்டும் வெட்டிவிடாதே, அனுமதியைப் பிடுங்கிவிடுவார்கள்.

லாடம் எழுதியது:
வலது கோடிக் கீச்சைப் பற்றி யாரும் பேசவில்லையே. இரண்டு காரணங்கள் இருக்கலாம். வீச்சு முடியும்போது சுருளைத் தரையிலிருந்து மேலே தூக்குகிறீர்கள், அல்லது அரைவட்டமாகச் சுழற்றிப் பாதத்துக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறீர்கள். என்ன காலணி போடுகிறீர்கள்?

தோண்டும்போது மண்ணை வட்டமாகப் பெயர்த்து எடுக்காதீர்கள். லாட வடிவில் வெட்டி, ஒரு பக்கத்தைக் கீல் போல விட்டுக் கதவாகத் திறக்க வேண்டும். மூடி மிதித்துவிட்டால் புல் சாகாது.

மண்புழு எழுதியது:
வேலைக்குப் போடும் பூட்ஸ். முன்பக்கம் இரும்புத் தொப்பி வைத்தது... ஐயோ.

கருவூரான் எழுதியது:
இடையில் ஒரு கேள்வி. பொங்கலுக்குக் கரூர் போகிறேன். அமராவதி ஆற்று மணலில் சேரர் காசும் ரோமானியக் காசும் கிடைத்த ஊர் எங்களுடையது. இப்படி ஒரு கருவி வாங்கிக்கொண்டு போகலாமா?

பழங்காசு_பாட்டி எழுதியது:
வேண்டாம். 1878 ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட பொருள் எது கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் சிறைவரை போகலாம். இங்கே அமெரிக்காவிலும் எல்லாப் பூங்காவும் ஒன்றல்ல. தேசியப் பூங்காக்களில் கருவியைப் பயன்படுத்துவதே குற்றம். நியூயார்க் நகரப் பூங்காக்களில் தேடத் தனி அனுமதிச்சீட்டு வேண்டும்.

மண்புழு எழுதியது:
இன்று காலை ஆறரை மணிக்கே போய்விட்டேன். காலில் ரப்பர் செருப்பு. கைப்பேசி வண்டியில். உணர்திறன் மூன்று படி கீழே. வலது கோடிக் கீச்சு இல்லவே இல்லை. மூன்று வாரமாக என் கால் கட்டைவிரலைத்தான் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மேடையை விட்டு நாற்பது அடி தள்ளி ஒரு பெரிய மேப்பிள் மரம். மூன்று ஒலிகளைச் சுற்றி வந்து கேட்டேன், இரண்டு ஆணி என்று அங்கேயே விட்டுவிட்டேன். மூன்றாவது எந்தப் பக்கம் நின்றாலும் 82, 83. லாடமாக வெட்டித் திறந்தேன். ஐந்து அங்குலத்தில், மண்ணுக்குள் வெள்ளையாக ஒரு விளிம்பு. இறக்கை வைத்த தொப்பியோடு பெண் முகம், 1941. கை நடுங்கிவிட்டது.

தலைமுடிப் பக்கம் கொஞ்சம் கறுப்பு படிந்திருக்கிறது. பற்பசை போட்டுத் தேய்க்கலாமா?

பழங்காசு_பாட்டி எழுதியது:
தொடாதே!! குழாய்த் தண்ணீரில் காட்டு, மண் தானாகப் போகும். துணியால் ஒற்றி எடு. தேய்த்தால் கோடு விழும், சேகரிப்பவர் எவரும் வாங்க மாட்டார். கறுப்பு இருந்துவிட்டுப் போகட்டும்.

மண்புழு எழுதியது:
சரி பாட்டி. அதற்குள் மனைவி தேய்த்து விளக்கிவிடாமல் இருக்கப் பூஜை அறையிலிருந்து எடுத்து ஒளித்து வைத்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை அவளும் வருகிறாளாம், ஆணி எது என்று நான்தான் சொல்ல வேண்டுமாம்.