தினமும் செய்ற வேலைய வச்சு சடங்கோட மதிப்ப புரிஞ்சுக்க முடியுமா?

கேள்வி:
மனசு ஒட்டாம செய்ற பிரார்த்தனை, ஜபம்லாம் வெறும் பழக்கம்தானேன்னு ரொம்ப நாளா ஒரு உறுத்தல். ஆனா குழந்தைய தூங்க வைக்கிறப்போ பாத்தா, பல் தேய்ச்சு, லைட்ட அணைச்சு, அதே கதை, அதே போர்வை, நடுவுல ஒண்ணு விட்டுப்போனா முதல்ல இருந்து ஆரம்பிக்க சொல்லுது. கதை அதுக்கு மனப்பாடம், ஆனாலும் வேணும்ங்குது. சடங்கும் இப்படித்தானா, இல்ல நான்தான் ரெண்டையும் போட்டு குழப்பிக்கிறேனா?

பதில் 1:
நல்ல கேள்வி. பல் தேய்க்கிறது பல்லு சுத்தமாக, ஆனா சடங்க அப்படி பலன வச்சு அளக்க முடியாது. தொழுகைக்கு முன்னாடி ஒளு செய்றாங்கல்ல, கை, வாய், மூக்கு, முகம்னு வரிசையா கழுவுறது, பாத்தா சுத்தத்துக்குன்னுதான் தோணும். தண்ணி இல்லன்னா? தயம்மும். சுத்தமான மண்ணுல கைய வச்சு முகத்தையும் கையையும் தடவிக்கணும். அழுக்கு போகணும்னா யாராவது மண்ண தொடுவாங்களா? தொழ நிக்கப்போறோம்னு உடம்ப தயார் பண்றாங்க.

பதில் 2:
மனசு ஒட்டலன்னா வீண்னு சொல்றத நான் ஒத்துக்கவே மாட்டேன். யூதர்கள்ல அப்பா அம்மா இறந்தா 11 மாசம் தினமும் கதீஷ்னு ஒரு பிரார்த்தனை சொல்வாங்க, சாவ பத்தி அதுல ஒரு வார்த்தை கிடையாது, முழுக்க கடவுள புகழ்றதுதான். தனியா சொல்லவும் முடியாது, பத்து பேர் கூடணும். அழுது ஓய்ஞ்சு கிடக்கிற ஆள் சொந்தமா வார்த்தை தேட வேண்டியதில்ல, எழுந்து அங்க போனா போதும், கூட நிக்கிறவங்க ஆமென் சொல்வாங்க. மனசு எப்ப வருதோ வரட்டும், அதுவரைக்கும் கால் நடக்குதே, அது எவ்ளோ பெரிய விஷயம்!

பதில் 3:
ரெண்டு பேர் சொன்னதும் சரி, ஆனா அதே கதைய போன் பாத்துக்கிட்டே சொல்லிப்பாருங்க, குழந்தை உடனே கண்டுபிடிச்சிடும். பழக்கம் ஆள இழுத்துட்டு வரும், வந்தப்புறம் கவனம் நாமதான் வைக்கணும். பைபிள்ல ஏசாயா முதல் அதிகாரத்துலயே பலி, பண்டிகையெல்லாம் எனக்கு வெறுப்பா இருக்கு, நியாயத்த தேடு, அனாதைக்கு நீதி செய்னு கடவுள் கோபப்படுறாரு. குர்ஆன்ல 107வது சூராவும் (அத்தியாயம்) தொழுகையில அசட்டையா இருக்கறவங்கள கண்டிக்குது.

கேட்டவர்:
மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. கதீஷ் ஏன் 11 மாசம், ஒரு வருஷம்னு வைக்கலையா?

பதில் 2:
பெரிய பாவிகளுக்குத்தான் செத்தப்புறம் முழுசா 12 மாசம் தண்டனைன்னு அவங்க மரபுல இருக்கு. முழுசா 12 மாசம் சொன்னா பெத்தவங்கள பாவின்னு நம்மளே சொல்ற மாதிரி ஆயிடும்னு ஒரு மாசம் முன்னாடியே நிறுத்திடுவாங்க.