ரொட்டேட்டர் கஃப் பெருங்கிழிவு: தமிழில் என்ன சொல்வது?

மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தாளை முடித்துக் கொடுக்க வேண்டும். தோள் அறுவைச் சிகிச்சை ஆய்வு ஒன்றில் சேர அழைக்கப்படும் நோயாளிகளுக்கான விளக்கத் தாள் அது. உள்ளே பெரும்பகுதி முடிந்துவிட்டது, தலைப்பில்தான் மூன்று நாளாக நிற்கிறேன்.

மேற்கை எலும்பின் உருண்டைத் தலையை நான்கு தசைகளின் முனைகள் சேர்ந்து போர்த்தியிருக்கும். அந்தப் போர்வைக்குத்தான் ரொட்டேட்டர் கஃப் என்று பெயர். அது பெரிதாகக் கிழிந்து, தைத்துச் சரிசெய்யவும் முடியாமல் போனவர்களுக்கு இரண்டு அறுவை முறைகளில் எது நல்லது என்று பார்க்கிறார்கள். எனக்கு மூன்று சொற்கள் வேண்டும்: அந்த உறுப்புக்கு ஒன்று, 'மாசிவ்' (மிகப் பெரிய) என்பதற்கு ஒன்று, 'இர்ரிபேரபிள்' (தைத்துச் சரிசெய்ய முடியாத) என்பதற்கு ஒன்று. இப்போதைக்குச் 'சுழல் தசைப்பட்டை' என்று போட்டிருக்கிறேன். எனக்கே பிடிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் எழுதும் தமிழை மூலத்தைப் பார்க்காத வேறொருவர் மீண்டும் ஆங்கிலமாக்குவார். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அறநெறிக் குழு ஒப்புதல் தரும். ஆகவே சொல் அழகாக இருந்தால் மட்டும் போதாது, திரும்பிப் போகும்போது அதே பொருளில் போக வேண்டும்.

தமிழாசிரியர் (ஓய்வு):

முதலில் தன்வினையா பிறவினையா என்பதைத் தீர்த்துக்கொள்வோம் அம்மா. பம்பரம் சுழல்கிறது, சிறுவன் சுழற்றுகிறான். இங்கே சுழல்வது கை, சுழற்றுவது தசை. எனவே 'சுழல்' பொருந்தாது, 'சுழற்று' என்பதுதான் சரி. 'சுழற்றுபட்டை' என்றால் வினைத்தொகை. ஊறுகாய், சுடுகாடு போல வல்லினம் மிகாது. 'சுழற்றுப்பட்டை' என்று பல இடங்களில் பார்க்கிறேன், அது பிழை. 'சுழற்பட்டை' என்று எழுதினாலோ சுழல் என்பது பெயர்ச்சொல் ஆகி, நீர்ச்சுழல் போல ஏதோ ஒரு பட்டை என்று பொருள்படும்.

எலும்பு மருத்துவர்:

ஐயா சொல்லும் இலக்கணம் சரி. ஆனால் மூலப்பெயரே பாதிதான் உண்மை. நான்கு தசைகளில், தோளின் பின்பக்க எலும்பில் முள்போல் நீண்டிருக்கும் மேட்டுக்கு மேலே உள்ள தசை கையைப் பக்கவாட்டில் தூக்க உதவுவது, சுழற்றுவது அதன் முதல் வேலை அல்ல. நான்கும் சேர்ந்து செய்யும் பெரிய வேலை, உருண்டையைக் குழியோடு அழுத்திப் பிடித்து வைத்திருப்பது. தோள்குழி ஆழமில்லாதது. வெளியே உள்ள டெல்டாய்டு தசை கையைத் தூக்கும்போது உருண்டையை மேலே இழுக்கும். இந்தப் போர்வை பிடித்துக்கொண்டிருப்பதால்தான் உருண்டை நடுவில் நிற்கிறது. பெரிதாகக் கிழிந்தால் உருண்டை மெல்ல மேலேறி, மேலே கூரைபோல் இருக்கும் எலும்பில் இடிக்கத் தொடங்கும். ஆகவே 'சுழற்று' வேண்டாம், 'பற்று' என்று வரட்டும். தோள்பற்று.

'பட்டை'யை அடியோடு விட்டுவிடுங்கள். நோயாளிகள் தோள்பட்டை என்றால் தோளின் பின்பக்க எலும்பைச் சொல்வார்கள், சில நேரம் தோள் முழுவதையுமே சொல்வார்கள். 'தோள்பட்டைச் சுழற்றுபட்டைக் கிழிவு' என்று படித்தால் எலும்புதான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்பார்கள்.

இலங்கையில் தமிழ்வழி உயிரியல் படித்தவர்:

ஒரு சிறு குறிப்பு. தசையை எலும்போடு இணைப்பது தசைநாண். எலும்பை எலும்போடு இணைப்பது வேறு. செய்தித்தாள்களில் இரண்டையும் 'தசைநார்' என்றே எழுதிவிடுகிறார்கள். விளையாட்டு வீரருக்கு முழங்காலில் 'தசைநார் கிழிவு' என்று வரும் செய்தி பெரும்பாலும் எலும்பை எலும்போடு பிணைக்கும் நாரைப் பற்றியது. இந்தத் தாளில் 'நார்' வந்தால் திரும்பப் போகும்போது நிச்சயம் தவறாகப் போகும். நாண் என்றே வையுங்கள். 'மாசிவ்' என்பதற்கு எங்களிடம் 'பாரிய' என்ற சொல் வழக்கில் உண்டு.

இயன்முறை மருத்துவர்:

தோள் வலியோடு என்னிடம் வருகிறவர்கள் யாரும் நாண் என்று சொல்லிக் கேட்டதில்லை. 'தோள்ல ஜவ்வு கிழிஞ்சிருக்குன்னு ஸ்கேன்ல வந்துச்சு' என்பார்கள். ஐம்பது அறுபது வயதுக்காரர் கையெழுத்துப் போடப்போகும் தாள் இது. அவருக்குத் தெரிந்த ஒரே சொல்லை விட்டுவிட்டு நாண் என்று போனால் யாருக்கு எழுதுகிறோம்? தனியாக நாண் என்று படித்தால் வெட்கம் என்றுதான் பலருக்குத் தோன்றும்.

தமிழாசிரியர்:

ஜகரம் வேண்டாம் ஐயா. அது சவ்வு. சவ்வு என்றால் மெல்லிய தோல் போன்ற படலம். நாண் முறுக்கேறியது, இழுத்தால் தாங்குவது. வில்லில் கட்டுவதும் நாண்தான். தசை இழுக்க, எலும்பு வளைய, நடுவில் நின்று வேலை செய்வதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எந்த மொழியிலும் இருக்காது.

'கஃப்' என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். கஃப் என்றால் சட்டைக் கையின் முனையில் சுற்றி வரும் பட்டி. நம்மிடம் கையைச் சுற்றி வருவது தொடி. பழைய இலக்கியத்தில் தோள் என்றாலே பெரும்பாலும் மேற்கையைத்தான் சொல்வார்கள், மூங்கிலை உவமை சொல்வதும் அதனால்தான். 'தொடியொடு தொல்கவின் வாடிய தோள்' என்று குறள் 1235-இல் வருகிறது. அணியின் பெயரை உடலுறுப்புக்கு வைப்பது நமக்குப் புதிதும் அல்ல. காறை எலும்பு என்கிறோமே, காறை கழுத்தில் அணிவது. அது எலும்புக்குப் பெயராகலாம் என்றால் தொடி ஏன் நாணுக்கு ஆகக் கூடாது? 'தோள்தொடி நாண்கள்' என்பது என் முன்மொழிவு.

எலும்பு மருத்துவர்:

காறை பற்றி இன்றுதான் தெரிந்துகொண்டேன், மகிழ்ச்சி. ஆனால் குறளில் தோள் மெலிந்து தொடி கழல்கிறது. இங்கே தொடியே கிழிகிறது. படிப்பவர் மனத்தில் வளையல் வந்துவிட்டால் கிழிவு என்ற சொல் அதோடு ஒட்டாது.

மொழிபெயர்ப்பாளர்:

அதுவும் ஒரு சிக்கல்தான். நாண் என்றால் அறும், துணி என்றால் கிழியும், எலும்பு என்றால் முறியும். 'நாண் கிழிவு' காதுக்குச் சரியாக இருக்கிறதா?

எலும்பு மருத்துவர்:

இருக்கிறது. இந்த நான்கு நாண்களும் எலும்பில் சேரும் இடத்தில் கயிறுபோல் இல்லை. அகலமாக, தட்டையாக, ஒன்றோடொன்று நெய்ததுபோல் இருக்கும். வயதாக ஆகத் தேய்ந்து, நூல் பிரிந்து, பிறகு ஓட்டை விழுந்து விரியும். பழைய வேட்டி கிழிவதுபோல என்று நோயாளிகளிடம் சொல்வேன், உடனே புரிந்துகொள்வார்கள். 'அறுவு' என்று எழுதினால் ஒரே இழுப்பில் போனதுபோல் ஆகிவிடும். அடிபட்டு அப்படி ஆகிறவர்களும் உண்டு, இந்த ஆய்வுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் அப்படி இல்லை.

'மாசிவ்' என்பதற்கு இரண்டு வரையறை புழக்கத்தில் இருக்கிறது. அறுவை மருத்துவர் கோஃபீல்டு 1982-இல் சொன்னது, கிழிவு 5 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருக்க வேண்டும் என்பது. இன்னொரு மருத்துவர் கெர்பர் 2000-இல் சொன்னது, குறைந்தது இரண்டு நாண்கள் முழுமையாகக் கிழிந்திருக்க வேண்டும் என்பது. ஒன்று அளவு, மற்றது எண்ணிக்கை. 'பெரும்' என்ற அடை இரண்டுக்கும் பொருந்தும். 'கடுமையான' என்று போடாதீர்கள், அது வலியைக் குறிப்பதுபோல் இருக்கும். பெரிய கிழிவோடு வலியே இல்லாமல் நடமாடுபவர்களும் உண்டு.

இலங்கையில் தமிழ்வழி உயிரியல் படித்தவர்:

பெருங்கிழிவு நல்ல சொல். 'பாரிய'வைத் திரும்பப் பெறுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:

சரி, பெருங்கிழிவு முடிந்தது. அடுத்தது எனக்கு உண்மையிலேயே கவலை தருவது. 'சரிசெய்ய முடியாத கிழிவு' என்று ஒரு வரைவை எழுதி, உறவினர் ஒருவரிடம் படித்துக் காட்டினேன். எழுபது வயது, தோள் வலி உள்ளவர். தலைப்பைக் கேட்டதுமே, 'சரிசெய்யவே முடியாதுன்னா எதுக்கும்மா ஆபரேஷன்?' என்றார். மேற்கொண்டு கேட்கவே இல்லை. அவர் கேட்டதில் தவறே இல்லை. அந்தச் சொல்லை நான் எழுதியிருக்கக் கூடாது. ஒரு மனிதர் ஆய்வில் சேர்வதா வேண்டாமா என்பதை ஆய்வைப் பற்றித் தெரிந்து முடிவு செய்ய வேண்டும், என் சொல் பயமுறுத்தி முடிவு செய்யக் கூடாது.

எலும்பு மருத்துவர்:

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், சொல்லுக்கு உதவும். கிழிந்த நாணைத் தசை உள்ளே இழுத்துக்கொள்ளும். நாள்பட்டால் தசை மெலிந்து, இழைகளுக்கு நடுவே கொழுப்பு ஏறும். அந்தக் கொழுப்பை 0 முதல் 4 வரை தரம் பிரிப்பதை மருத்துவர் கூட்டாலியே 1994-இல் முன்வைத்தார். இப்படிச் சுருங்கிப் போன நாணை எவ்வளவு இழுத்தாலும் எலும்பில் அது இருந்த இடத்துக்கு வராது. வந்தாலும் தையல் நிற்காது. சில நேரம் உள்ளே போய் இழுத்துப் பார்த்த பிறகுதான் உறுதியாகத் தெரியும். ஆகவே 'முடியாது' என்பது நாணைத் தைப்பதைப் பற்றியது மட்டுமே. ஆளைப் பற்றியது அல்ல, தோளைப் பற்றியதும் அல்ல.

அதற்குப் பிறகும் வழிகள் உண்டு. உள்ளே நைந்துபோன திசுவைத் துப்புரவு செய்து, வலி தரும் இருதலைத்தசையின் நாணை வெட்டிவிடலாம். முடிந்த வரை பாதி தைக்கலாம். வேறொரு தசையை இடம் மாற்றி வைக்கலாம். பந்தையும் குழியையும் இடம் மாற்றிய செயற்கை மூட்டும் உண்டு, மருத்துவர் கிராமான் 1985-இல் உருவாக்கியதன் வழிவந்தது. உருண்டைக்கும் மேலெலும்புக்கும் நடுவில் உப்புநீர் நிரப்பிய, நாளடைவில் உடலிலேயே கரைந்துவிடும் பலூன் வைப்பது இன்னொன்று.

அந்தப் பலூனை வைத்துத்தான் பிரிட்டனில் ஸ்டார்ட் ரியாக்ட்ஸ் ஆய்வு நடந்தது. 24 மருத்துவமனைகள், 117 பேர். எல்லாருக்கும் துப்புரவு, பாதிப் பேருக்குக் கூடவே பலூன். ஓர் ஆண்டு கழித்து, 48-க்குக் கணக்கிடும் (கூடினால் தோள் நன்றாக இருக்கிறது என்று பொருள்) ஆக்ஸ்போர்டு தோள் மதிப்பெண்ணில் பலூன் வைத்தவர்கள் சராசரி 30.3, வைக்காதவர்கள் 34.3. பலன் தெரிய வாய்ப்பில்லை என்று இடையிலேயே நிறுத்தி, 2022-இல் வெளியிட்டார்கள். புதியது என்பதால் நல்லது என்று யாராலும் முன்கூட்டியே சொல்ல முடியாது. அதனால்தான் ஆய்வு. தாளில் நம்பிக்கை ஊட்டவும் கூடாது, கைவிடவும் கூடாது.

இயன்முறை மருத்துவர்:

நீங்கள் சொன்னதிலேயே சொல் இருக்கிறதே. நாண் எலும்பு வரை எட்டவில்லை. 'எட்டாக் கிழிவு' என்று சொல்லலாமே.

தமிழாசிரியர்:

ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வல்லினம் மிகுந்திருக்கிறது, இலக்கணம் சுத்தம். ஆனால் எட்டாக் கனி என்பது நினைவுக்கு வரும். தைக்கவியலாக் கிழிவு என்பது மேல்.

இயன்முறை மருத்துவர்:

'இயலா' படிக்கும் ஒருவருக்குத் தன் இயலாமைதான் தோன்றும் ஐயா.

மொழிபெயர்ப்பாளர்:

'தைக்க எட்டாத கிழிவு' என்று விரித்து எழுதட்டுமா? எதற்கு எட்டவில்லை என்பது அதிலேயே வந்துவிடுகிறது. கலைச்சொல் போல் இல்லை, ஆனால் என் உறவினரிடம் இன்று காலை படித்துக் காட்டினேன். 'ஓ, அப்போ தைக்காம வேற ஏதாவது செய்வாங்களா?' என்று கேட்டார். தாளின் இரண்டாம் பக்கம் பதில் சொல்வதே அந்தக் கேள்விக்குத்தான்.

இலங்கையில் தமிழ்வழி உயிரியல் படித்தவர்:

அருமை. 'ரேண்டம்' என்பதற்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? நாங்கள் எழுமாறு என்போம்.

மொழிபெயர்ப்பாளர்:

'சமவாய்ப்பு முறை' என்று போட்டு, அடுத்த வரியில் 'குலுக்கல் போல, உங்களுக்கு எந்த அறுவை என்பதை நீங்களோ மருத்துவரோ தேர்ந்தெடுப்பதில்லை' என்று விளக்கியிருக்கிறேன்.

தமிழாசிரியர்:

திருவுளச்சீட்டு என்று நம்மிடம் ஒரு சொல் உண்டே.

எலும்பு மருத்துவர்:

அழகான சொல் ஐயா. ஆனால் எந்த அறுவை கிடைத்தாலும் அது கடவுள் கொடுத்தது என்று ஆகிவிடும். பிறகு பிடிக்கவில்லை என்று விலக மனம் வராது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பது அந்தத் தாளின் முதல் வாக்குறுதி.

மொழிபெயர்ப்பாளர்:

நாளை அனுப்பியாக வேண்டும், முடித்துக்கொள்கிறேன். உறுப்புக்குத் 'தோள்நாண் தொகுதி'. முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'பேச்சுவழக்கில் தோள் ஜவ்வு' என்று அடைப்புக்குள் வரும். நான்கு பேர் இதற்குச் சரி என்கிறார்கள். தோள்பற்று எனக்கும் பிடித்தது, ஆனால் திரும்ப மொழிபெயர்க்கிறவர் அதை எதுவாகவும் எடுத்துக்கொள்வார். தலைப்பு: 'தைக்க எட்டாத தோள்நாண் பெருங்கிழிவு: இரு அறுவை முறைகளை ஒப்பிடும் ஆய்வு'. எல்லாருக்கும் நன்றி.

தமிழாசிரியர்:

அனுப்புங்கள் அம்மா, தடுக்கவில்லை. ஆனால் என் மறுப்பைப் பதிவு செய்துவிடுங்கள். வாள் சேர்ந்த நுதல் வாணுதல். அப்படியே தோள் சேர்ந்த நாண் தோணாண். படிப்பவருக்குப் புரியாது என்பீர்கள், ஒத்துக்கொள்கிறேன், அதனால் தாளில் வேண்டாம். சொற்பட்டியலில் சேர்க்கும்போது தோணாண் என்றே சேர்க்க வேண்டும். 'சுழற்று' இல்லாமல் போனதும் எனக்கு உடன்பாடு இல்லை, நாளை விரிவாக எழுதுகிறேன்.

எலும்பு மருத்துவர்:

எழுதுங்கள் ஐயா. எழுதும்போது 'பற்று' பற்றியும் ஒரு வரி.