நகைக்கடன் விதிக்கு ஆகும் செலவு: எதை ஏட்டுல ஏத்தலாம்?

செக்காலை ரோட்டுக்காரன்:
காரைக்குடியில ரிசர்வ் வங்கிப் பதிவோட சின்ன பைனான்ஸ் நடத்துறேன். 2025 ஜூன்ல வந்த நகைக்கடன் விதிக்கு 2026 ஏப்ரல் 1-க்குள்ள மாறணும்னாங்க, மாறிட்டோம். கடன் வாங்குறவர் கண்ணு முன்னாடியே உரசி, எடை போட்டு, கல்லுக்கு என்ன கழிச்சோம்னு சொல்லி, சான்று எழுதிக் கொடுக்கணும். 15 நிமிஷ வேலை 35 ஆச்சு. நாளைக்கு 30 நகை. கூடுதலா 10 மணி நேரம். ஒரு ஆள் சம்பளத்துக்கு மேல.

இன்னொண்ணு. லட்ச ரூபா நகைக்கு 85,000 தரலாம்னு பேரு. வட்டியும் அசலும் கடைசியில கட்டுற கடன்னா, வட்டியும் அந்த 85,000-க்குள்ள அடங்கணும். வருஷம் 12 வட்டின்னா கையில கொடுக்கிறது சுமார் 75,900. மிச்சத்துக்கு வர்ற வட்டி போச்சு. அதையும் செலவுல எழுதியிருக்கேன்.

பள்ளத்தூர் ஆடிட்டர்:
அண்ணே, ரெண்டாவதை அடிச்சிடுங்க. பைனான்ஸ்களுக்கு முன்ன வரம்பே 75 சதவீதம். 75,000 கொடுத்த நீங்க இப்ப 900 கூடத்தான் கொடுக்கிறீங்க. முதல் கணக்குக்கும் வருவோம்: புது ஆள் போட்டீங்களா? இல்லேன்னா அந்தச் சம்பளம் உங்க பேரேட்டுல எங்க இருக்கு?

செக்காலை ரோட்டுக்காரன்:
75-ஐ மறந்துட்டேன், அடிச்சாச்சு. ஆனா ஆறு மணிக்குப் பூட்டுற கடையை எட்டரைக்குப் பூட்டுறோம், வேலை பாக்குற மூணு பையன்களும் நானும். அது இனாமா?

தேவகோட்டை ஆச்சி:
வங்கியில நகைக்கடன் பார்த்து ஓய்வு பெற்றவ நான். ஆடிட்டர் தம்பி, பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதான் வட்டிக்கடை நடத்த, போன மேலாளுக்கும் (முதலாளிக்குப் பதிலா கடையைப் பாக்கிறவர்) இவ்வளவு காலத்துக்கு இவ்வளவுன்னு சம்பளச் சீட்டு எழுதின சீமை இது. ரசீது இல்லேங்கிறதுக்காக ரெண்டரை மணி நேரம் செலவில்லாம போயிடுமா? ஓவர்டைம் கூலி என்னவோ அதைப் போட்டு எழுதுங்க.

பள்ளத்தூர் ஆடிட்டர்:
சரி ஆச்சி, பையன்களுக்கு ஒத்துக்கிறேன். முதலாளி நேரம் தனிப் பத்தியில இருக்கட்டும். கேமரா, பெட்டகத்தை மட்டும் சேர்க்காதீங்க அண்ணே, அது திருட்டுப் பயத்துக்கு வாங்கினது.

செக்காலை ரோட்டுக்காரன்:
அப்ப இதைச் சொல்லுங்க. எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு நிபந்தனையை ஒரு சாட்சி முன்னால விளக்கணும், சாட்சி நம்ம ஆளா இருக்கக் கூடாது. போன வாரம் கைநாட்டு வைக்கிற ஒரு அம்மா வந்தாங்க. எதிர் டீக்கடைத் தம்பி பாய்லரை அப்படியே விட்டுட்டு கால் மணி நேரம் வந்து நின்னான். மூணாவது தடவை கூப்பிட்டப்போ, "என் கடையை யாருண்ணே பாக்குறது?"ன்னான். அவன் நஷ்டத்தை எந்தப் பேர்ல பற்று எழுத?

பள்ளத்தூர் ஆடிட்டர்:
தடவைக்கு இவ்வளவுன்னு கொடுத்து வவுச்சர் வாங்கிடுங்க.

தேவகோட்டை ஆச்சி:
மாசாமாசம் வவுச்சர் போட்டா அவன் உங்க ஆளாயிட மாட்டானா தம்பி?