வில் பிடிக்கும் பிள்ளைகளுக்கு மௌனம் வேண்டுமா? சுங்கை சிப்புட் திடலிலிருந்து ஒரு கேள்வி

திடல்வில் | சனி, இரவு 9.10

வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய தோட்டத்தில், கோயிலுக்குப் பின்னால் உள்ள திடலில் சனிக்கிழமை மாலை சிலம்பம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒன்றரை வருடமாக அதே பிள்ளைகளில் 11 பேருக்கு வில்லும் பழக்குகிறேன். குறிபார்க்கும் கருவி எதுவும் இல்லாத பாரம்பரிய வில், 20 முதல் 25 பவுண்டு இழுவை. பெரிய பையன்கள் இருவர் பெருவிரலில் வளையம் மாட்டி இழுக்கிறார்கள், மற்றவர்கள் மூன்று விரலால்.

முதல் இருபது அம்பு நன்றாகப் போகிறது. பிறகு மனம் அலையத் தொடங்கிவிடுகிறது. செம்பனைக் குலை ஏற்றிய லோரி போனால் பதினொரு தலையும் திரும்பும். போன மாதம் ஒரு பையன் நாணை முழுக்க இழுத்த கையோடு திரும்பிப் பார்த்தான். எனக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது.

அதனால் ஒரு விதி கொண்டுவந்தேன். வந்தவுடன் 20 நிமிடம் கண்மூடி உட்கார்ந்து மூச்சைக் கவனிக்க வேண்டும். பிறகு பயிற்சி முடியும்வரை யாரும் பேசக்கூடாது. துரோணர் மரப்பறவையைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்ட கதையைச் சொல்லித்தான் தொடங்குவேன். மரம் தெரிகிறது, இலை தெரிகிறது என்றவர்களை ஒதுக்கிவிட்டு, கண் மட்டும் தெரிகிறது என்ற அர்ச்சுனனை அல்லவா எய்யச் சொன்னார்?

இரண்டு பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். "விளையாட வந்த பிள்ளையைச் சாமியாராக்குறீங்க" என்று ஓர் அம்மா வருத்தப்பட்டார். நான் செய்வது தவறா? வில் பழகியவர்கள் சொல்லுங்கள்.

பால்வெட்டு மகன் | சனி, இரவு 9.48

மாஸ்டர், கோவிச்சுக்காதீங்க. தவறுதான்.

அமைதியில மட்டும் பழகுன மனசு, அமைதி இல்லாத இடத்துல உடைஞ்சு போயிரும். எங்கம்மா 26 வருசம் ரப்பர் மரத்துல பால் வெட்டுனாங்க. விடியறதுக்கு முன்னாடி, வெயில் ஏறுனா பால் ஓட்டம் குறைஞ்சிரும்னு, நெத்தியில விளக்கக் கட்டிக்கிட்டு நிரைக்குள்ள போவாங்க. கொசு பிடுங்கும், அட்டை ஏறும், அடுத்த நிரையில இருக்கிற சின்னம்மா வீட்டுக் கதை முழுக்கச் சொல்லிக்கிட்டே வருவாங்க, அம்மாவும் பதில் சொல்லுவாங்க. ஆனா கத்தி பட்டையில இறங்குற அந்த ஒரு இழுப்புல பேச்சு நின்னுரும். உள்மரத்துக்கு மேல ஒரு மில்லிமீட்டர் பட்டைய விட்டு வெட்டணும். கொஞ்சம் ஆழமாப் போனாலும் மரத்துக்குக் காயம், அப்புறம் அங்க பட்டை முண்டும் முடிச்சுமாத்தான் வளரும். இப்படி ஒரு நாளைக்கு ஐந்நூறு மரம். யாரும் அவங்கள மூச்சைக் கவனிக்கச் சொன்னதில்ல.

வில்வித்தையில தென்கொரியாக்காரங்க உலகத்துலயே முன்னணியில நிக்கிறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அவங்க ஒலிம்பிக்குக்கு முன்னாடி தங்கள் அணியைப் பேஸ்பால் அரங்கத்துக்குக் கூட்டிட்டுப்போய், கூட்டம் கத்துறதுக்கு நடுவுல எய்ய வைக்கிறாங்க. உங்க திடல்ல லோரி சும்மாவே வருது. அதைப் பயன்படுத்துங்க.

திடல்வில் | சனி, இரவு 10.15

தம்பி, அம்மாவைப் பற்றிச் சொன்னது மனதைத் தொட்டது. ஆனால் கொரிய அணியில் இருப்பவர்கள் பல்லாயிரம் அம்பு எய்துவிட்டு அந்தக் கூச்சலுக்குள் போகிறவர்கள். என் பிள்ளைகளில் சின்னவளுக்குப் பத்து வயது. தவழும் குழந்தையை ஓடச் சொல்ல முடியாது.

உங்கள் அம்மாவும் முதல் நாளே பேசிக்கொண்டு வெட்டியிருக்க மாட்டார். எப்படிப் பழகினார் என்று கேட்டிருக்கிறீர்களா?

ஈப்போக்காரி | ஞாயிறு, காலை 7.32

மாஸ்டர், நீங்கள் இருவரும் சத்தத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குப் பயமாக இருப்பது அந்த அர்ச்சுனன் கதை.

நான் நாலு வருடமாகப் பாரம்பரிய வில் எய்கிறேன். இரண்டாம் வருடம் என் கை என் பேச்சைக் கேட்காமல் போனது. வில்லைத் தூக்குவேன், நாண் பாதிதான் வந்திருக்கும், கண் குறித்தாளின் நடுவிலுள்ள மஞ்சள் வட்டத்தைத் தொட்டதும் விரல் தானாக விட்டுவிடும். தாடைவரை இழுக்க வேண்டும் என்று தெரியும், முடியாது. சில நாள் நேர்மாறாக, வட்டத்துக்கு ஒரு சாண் கீழேயே வில் உறைந்து நிற்கும், மேலே ஏற மறுக்கும். இதை 'டார்கெட் பேனிக்' என்பார்கள். கோல்ஃப் ஆடுபவர்களுக்குக் கை வெட்டி இழுக்குமே, 'யிப்ஸ்' என்று, அதற்கு ஒன்றுவிட்ட தங்கை. கவனம் இல்லாததால் வந்ததில்லை இது. பறவையின் கண்ணைத் தவிர வேறெதுவும் தெரியக்கூடாது என்று நான் குறியையே வெறித்து வெறித்து, எய்வது என்ற வேலையை மறந்ததால் வந்தது. வீட்டில் ஒளிந்து அழுதிருக்கிறேன். வில்லை விற்கக்கூட விளம்பரம் எழுதினேன்.

என்னைக் காப்பாற்றியது வைக்கோல் மூட்டை. மூன்று மீட்டரில் நின்றுகொண்டு, குறித்தாள் எதுவும் ஒட்டாத மூட்டையில், கண்ணை மூடி எய்தேன். அடிக்க ஒன்றும் இல்லை, தவற ஒன்றும் இல்லை. முதுகுச் சதை இறுகுவது, கை தாடையில் வந்து பதிவது, விரல் தளர்வது, இவ்வளவுதான். நாளுக்கு முப்பது அம்பு, ஆறு வாரம். பிறகுதான் ஒரு தாள் ஒட்டினேன், அதுவும் ஐந்து மீட்டரில்.

இன்னொன்று. லண்டன் ஒலிம்பிக்கில், 2012இல், தென்கொரியாவின் இம் டோங் ஹ்யுன் 72 அம்பில் 699 புள்ளி எடுத்து உலக சாதனை செய்தார். அவருடைய இடக்கண் பார்வை 20/200, அதாவது மற்றவர்களுக்கு 200 அடியில் தெரிவது அந்தக் கண்ணுக்கு 20 அடியில்தான் தெரியும். குறி அவருக்குக் கலங்கிய வண்ணங்களாகத்தான் தெரியும். துரோணர் அவரிடம் கேட்டிருந்தால் பறவையின் கண் தெரிகிறது என்று சொல்லியிருக்க முடியாது.

விளையாட்டு அறிவியல் மாணவன் | ஞாயிறு, காலை 10.05

அக்கா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் பிள்ளைகளிடம் "முதுகைக் கவனி, விரலைக் கவனி" என்று சொல்வதை நான் எதிர்ப்பேன்.

கேப்ரியேலே வுல்ஃப் என்ற ஆய்வாளர் இதைப் பல ஆண்டுகளாகச் சோதித்து வருகிறார். 1998இல் வந்த ஆய்வில், பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவியில் ஏறியவர்களில் தன் காலை நினைத்தவர்களைவிட, காலுக்கு அடியில் உள்ள சக்கரங்களை நினைத்தவர்கள் நன்றாகக் கற்றார்கள். உடம்புக்குள் கவனம் போனால் தானாக ஓடும் அசைவில் நாம் குறுக்கிடுகிறோம். கனடாவின் ஜோன் விக்கர்ஸ் என்ற ஆய்வாளர் காட்டியது இன்னொன்று: தேர்ந்த வீரர்களின் பார்வை, அசைவு தொடங்குவதற்கு முன் ஒரே இடத்தில் கூடுதல் நேரம் நிலைக்கிறது. அப்படிப் பார்த்தால் துரோணர் சொன்னதில் உண்மை இருக்கிறது. பிள்ளைகள் மஞ்சள் வட்டத்தை மொத்தமாகப் பார்க்காமல், அதில் ஒரு பழைய அம்புத் துளையைப் பார்க்கட்டும்.

ஈப்போக்காரி | ஞாயிறு, காலை 10.41

தம்பி, பார்வை அமைதியாக நிலைப்பதும் வெறிப்பதும் ஒன்றல்ல. அதை உள்ளேயிருந்து அனுபவித்தவள் சொல்கிறேன்.

சக்கர ஆய்வு சரியாகவே இருக்கட்டும். ஆனால் கெட்டுப்போன அசைவு தானாக ஓடினால், அதை ஓடவிடுவதா? என் கை தானாகத்தான் விட்டது. முதலில் உள்ளே போய்ச் சரிசெய்தேன், சரியானபின் கண்ணை வெளியே கொண்டுபோனேன். இப்போது 20 மீட்டரில் எய்யும்போது முதுகை நினைப்பதில்லை. நீங்கள் சொன்ன பழைய துளையைத்தான் பார்க்கிறேன். கற்கும் பிள்ளைக்கு முதல் சில மாதம் எது வேண்டும் என்பதில்தான் நமக்குள் வேறுபாடு. அங்கே நான் வைக்கோல் மூட்டையை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பால்வெட்டு மகன் | ஞாயிறு, மதியம் 1.20

அம்மாகிட்ட கேட்டேன் மாஸ்டர். நீங்க சொன்னதுதான். பழகுறப்ப வெட்டி அழிக்கப்போற கிழட்டு மரத்துலதான் விட்டாங்களாம். காயம் பட்டாலும் யாரும் ஏசாத மரம். அக்கா சொல்ற வெறும் மூட்டை மாதிரியே இருக்கு. அதை நான் ஒத்துக்கிறேன்.

ஆனா அம்மா இன்னொன்னும் சொன்னாங்க. "அஞ்சு மணி நேரமும் கவனமா இருந்தா பைத்தியம் புடிச்சிரும்டா. கத்தி பட்டையில இருக்கிறப்ப மட்டும் இருந்தாப் போதும், அடுத்த மரத்துக்கு நடக்கிறப்ப விட்டுரணும்." உங்க பிள்ளைங்க தோத்துப்போறது அங்கதான்னு நினைக்கிறேன். ரெண்டு மணி நேரம் பேசாம இருன்னா, அந்தப் பேசாம இருக்கிறதுலயே பாதி சக்தி போயிரும். ஒலிம்பிக் தனிநபர் ஆட்டத்துலயே ஓர் அம்புக்கு 20 வினாடிதான் கொடுக்கிறாங்க. நம்ம வில்லுக்கு அவ்வளவுகூட வேணாம், இழுத்து விட அஞ்சாறு வினாடி. அந்த அஞ்சாறு வினாடி முழுசா இருக்கட்டும். அம்பு எடுக்க நடக்கிறப்ப சிரிச்சுப் பேசட்டுமே. திரும்பி வந்து கோட்டுல கால் வைக்கிறதுதான் மணி அடிச்ச மாதிரி.

திடல்வில் | ஞாயிறு, இரவு 8.55

எல்லாரும் எழுதியதை மூன்று முறை படித்தேன். ஈப்போ அம்மா எழுதியதைப் படித்தபோது என் மாணவி ஒருத்தி நினைவுக்கு வந்தாள். நாணைப் பாதி இழுத்து விட்டுவிடுகிறாள் என்று இரண்டு மாதமாக அவளைச் சோம்பேறி என்று கண்டித்துவந்தேன். நேற்றும் கண்டித்தேன். அடுத்த வாரம் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

கோட்டில் மௌனம் என்பதை மட்டும் விடமாட்டேன். அது மனதுக்காக மட்டும் வைத்த விதி இல்லை. அம்பு எடுக்கப் பிள்ளைகள் முன்னே போகும் இடத்தில் ஒரே குரல்தான் கேட்க வேண்டும், அது என் குரலாக இருக்க வேண்டும். "நிறுத்து" என்றால் இழுத்த நாணை விடாமல் மெல்லத் தளர்த்தி, வில்லைத் தரையை நோக்கி இறக்கத் தெரிய வேண்டும். இதற்கு யார் மறுப்புச் சொன்னாலும் கேட்க மாட்டேன்.

மூச்சுப் பயிற்சியும் இருக்கும், ஆனால் ஐந்து நிமிடம். மூச்சு வீண் வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகளை வில்வித்தையில் போட்டி நாளில் மட்டுமின்றி எல்லா நாளும் தடைசெய்திருக்கிறார்கள். அமைதியான நெஞ்சுக்கு அவ்வளவு மதிப்பு இருப்பதால்தானே? மாத்திரை தருவதை மூச்சால் கொஞ்சமாவது பெறலாம் என்பது என் நம்பிக்கை.

பிறகு அரை மணி நேரம் வெறும் மூட்டை, மூன்று மீட்டர். சின்னவர்கள் கண்மூடி எய்யும்போது ஒருவர் பின் ஒருவராக, நான் பக்கத்தில் நிற்பேன். அர்ச்சுனன் கதையை எடுத்துவிட மனம் வரவில்லை. ஆனால் முதல் மாதத்தில் சொல்ல மாட்டேன். நிறுத்திவிட்ட இரண்டு வீட்டுக்கும் நாளை போய்ப் பேசுகிறேன்.

விளையாட்டு அறிவியல் மாணவன் | ஞாயிறு, இரவு 9.20

ஐயா, யாராவது ஒருவர் குறிப்பேடு வைத்து, பிள்ளைகள் பாதி இழுப்பில் விட்ட அம்புகளை மட்டும் வாரவாரம் எண்ணி எழுதுங்கள். புள்ளி வேண்டாம். எட்டு வாரம் கழித்து அக்கா சொன்னது சரியா நான் சொன்னது சரியா என்று பார்க்கலாம்.

ஈப்போக்காரி | ஞாயிறு, இரவு 9.34

எழுதட்டும். அந்தப் பெண் பிள்ளையை முதல் ஆளாக மூட்டை முன் நிறுத்தாதீர்கள் மாஸ்டர். எல்லாருக்கும் அதே பயிற்சி என்று தெரிந்தபின், நடுவில் எங்காவது நிற்கட்டும்.

பால்வெட்டு மகன் | ஞாயிறு, இரவு 9.50

மாஸ்டர், வர்ற சனிக்கிழமை அஞ்சு மணிக்கு நானும் வரேன். மூட்டைக்கு வெறும் வைக்கோல் மட்டும் போட்டா ரெண்டு வாரத்துல நடுவுல ஓட்டை விழுந்திரும். எங்க வீட்டுல பழைய சாக்கு நாலு இருக்கு, கிழிஞ்ச துணியத் திணிச்சுக் கொண்டாரேன். லோரியை நான் நிறுத்தச் சொல்ல மாட்டேன்.