கொள்ளிடக் கரையில் மூங்கில் முளை அடித்த அனுபவம்

படுகைவாசி:
2022 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் ரெண்டு லட்சம் கன அடி போனதே, அது வடிந்தபோதுதான் எங்கள் கரை விழுந்தது. ஏறும் தண்ணீரில் நிற்கிற கரை இறங்கும்போது விழும், ஆற்றங்கரைக்காரர்களுக்குத் தெரியும். அடுத்த தை மாதம் ஊர்ப் பிள்ளைகள், நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் எல்லாரும் சேர்ந்து, சரிவின் அடியில் மூங்கில் முளை அடித்துத் தட்டி பின்னி, பின்னால் மண்ணைக் கொட்டி, மேலே வெட்டிவேர் நட்டோம். மூங்கில் போதவில்லை. ஒரு அம்மா தன் கொல்லையில் இருந்த மூங்கில் குத்தையே வெட்டிக்கொள்ளச் சொன்னார். அரிவாளைக் கையில் கொடுத்துவிட்டு, "என் கொல்லை வரைக்கும் வந்துடுவீங்கல்ல தம்பி?" என்றார். வந்துவிடுவோம் என்றோம். இன்னும் நாலு தென்னை தூரம்தான் பாக்கி, அனுமதி இல்லாமல் கரையில் கை வைக்கக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். 2024 ஆடியில் வெள்ளம் வந்தது. நாங்கள் கட்டியது நின்றது, தட்டிக்குப் பின்னால் வண்டல்கூடப் படிந்திருந்தது. அந்த அம்மாவின் கொல்லையில் பாதியைக் காணோம். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் கேட்டதுதான் காதில் விழுகிறது.

பொருநைக்கரை:
2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணியில் நான் பார்த்தது. எங்கள் ஊரில் கரை 'சுத்தமாக' இருக்கட்டும் என்று பொக்லைன் விட்டு நாணலை வழித்த இடம் ஆள் உயரத்துக்கு அரித்துப் போயிருந்தது. பக்கத்திலேயே வழிக்காமல் விட்ட நாணல், தாள் முழுக்கப் பிளாஸ்டிக் பை சுற்றிக்கொண்டு தரையோடு படுத்துக் கிடந்தது. ஒரு தூர்கூடப் பெயரவில்லை. காசு கொடுத்து வெட்டிவேர் வாங்குவதற்கு முன்னால் இருக்கிற நாணலை விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

வாய்க்கால்மேடு:
படுகைவாசி, கரையில் நின்ற குத்தை வெட்டியதே தப்பு. மண்ணைப் பிடித்திருந்ததே அதுதான். பொருநைக்கரை சொல்கிற நாணலும் வளைவின் வெளிப்பக்கத்தில் தனியாகத் தாங்காது, அங்கே ஆறு அடியில் குடைகிறது. நான் எங்கள் வாய்க்காலில் நொச்சிப் போத்து, அதாவது வெட்டிய கிளைத் துண்டு, நட்டேன், பிழைத்தது. இனி செய்கிறவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் சரிவின் அடிக்காலைக் கட்டுங்கள், செடி அப்புறம். போத்து கட்டைவிரல் பருமன் இருக்கட்டும், அடிமுனையைச் சாய்வாக வெட்டி, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும், தலைகீழாக நட்டுவிடாதீர்கள். நொச்சியை ஆடு கடிக்காது. வெட்டிவேரை ஒரு சாண் இடைவெளிக்குள் வரிசையாக நெருக்கி நடுங்கள், நிழலில் வராது. சரிவில் தென்னை நார் வலை விரித்தால் நல்லது, கேரளாவில் வேலை உறுதித் திட்டத்திலேயே விரித்திருக்கிறார்கள், அது மட்குவதற்குள் வேர் பிடித்துவிடும். எங்கே நிறுத்தினாலும் கடைசி முளை வரிசையைக் கரைக்குள் வளைத்துப் புதைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் அந்த முனையில் திரும்பிப் பக்கத்துக் கரையைத்தான் வெட்டும்.

படுகைவாசி:
கிழங்கை விட்டுக் கழியைத்தான் வெட்டினோம், மறுமழையிலேயே குருத்து வந்தது, கொல்லை போனது அதனால் இல்லை. முனையை வளைக்கத்தான் இருந்தோம், பாதியில் நிறுத்தினால் எங்கே வளைப்பது? இந்தத் தடவை ஊராட்சித் தீர்மானம் போட்டு, எழுத்தில் அனுமதி கேட்டிருக்கிறோம். வந்தால் முதல் முளை அந்த அம்மாவின் கொல்லையில்தான். உங்கள் பக்கம் நொச்சிப் போத்து கிடைக்குமா? வண்டி அனுப்புகிறேன்.